எழுபது வளைவும் என் வலது காலும்

ஜூலை 18, வியாழன்

இன்று முதல் வையாபுரி ஆகிய நான் டைரி எழுதுகிறேன். புது வருஷத்துக்கு டயர் கடையில் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாக என் வீட்டுக்காரி பாவாயி இதன்மேல் குழம்புச் சட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அட்டையில் வட்டமாகக் கரி பிடித்திருக்கிறது. உள்ளே தாள் எல்லாம் புதுப்பெண் மாதிரி இருக்கிறது.

எழுதச் சொன்னவன் அக்கா மகன் யுவராஜ். கொல்லிமலையில் சோளக்காட்டுக்குப் பக்கத்தில் இடம் வாங்கித் தங்கும் விடுதி ஆரம்பிக்கிறான். கட்டடம் கட்ட அனுமதி இழுத்துக்கொண்டே போகிறதால், சக்கரம் வைத்த வீடு ஒன்றை நாமக்கல் பட்டறையில் செய்யச் சொல்லிவிட்டான். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. இன்ஜின் மட்டும் கிடையாது. இன்னொரு வண்டி முன்னால் நின்று இழுக்க வேண்டும். ஆடிப் பதினெட்டுக்கு மலையில் ஓரி விழா. அதற்கு ஆட்கள் தங்க வருவதாகச் சொல்லிவிட்டார்களாம். அதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி வீடு மேலே போயாக வேண்டும்.

"மாமா, டிராக்டர் ஒண்ணு வாடகைக்குப் பேசட்டுங்களா?" என்று கேட்டான்.

"டிராக்டர்ல கட்டி இழுக்க அதென்ன மாப்ள, கரும்பு லோடா? என்ற பிக்கப்பு எதுக்கு நிக்கிது?"

என் பிக்கப் சின்ன வண்டிதான். முட்டை வண்டி. ஆனால் ஓட்டுகிறவன் யார் என்று பார்க்க வேண்டாமா? காஷ்மீர் வரைக்கும் பதினாலு சக்கர லாரி ஓட்டினவன். அங்கே ரோட்டில் பனி இடுப்பளவு கிடக்கும். நான் ஹாரன் அடித்தால் அந்தச் சூட்டில் உருகி வழிவிடும். இதைச் சொல்லும்போது பாவாயி சமையல்கட்டிலிருந்து, "காஷ்மீருங்களா? கரூரத் தாண்டி நீங்க போயி நான் பாக்கலியே" என்றாள். பெண்களுக்குப் பூகோளம் வராது.

யுவராஜ் சிரித்துச் சிரித்து, "மாமா, நீங்க உடறதயெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைங்க. மலைக்கு வர்றவங்க படிக்கட்டும், நெட்டுல போட்டுடறேன்" என்றான். ஆகவே, மலைக்கு வரும் அன்பர்களே, வணக்கம்.

முட்டை லோடு இந்த மாதம் நானாகத்தான் வேண்டாம் என்று விட்டேன். தட்டுத் தட்டாக உடைகிறது, சடக் சடக்கென்று பிரேக் போடுகிறீர்கள் என்று பண்ணைக்காரர் ஏதோ பேசினார். இருபது வருஷமாக ஒரு முட்டை உடைக்காதவன் நான். இப்போது கோழிகள் சரியில்லை. ஓடு காகிதம் மாதிரி வருகிறது.

ஜூலை 19, வெள்ளி

பட்டறைக்குப் போய்ச் சக்கர வீட்டைப் பார்த்தேன். வெள்ளை நிறம். பக்கத்துக்கு ஒன்றாக மொத்தமே இரண்டு சக்கரம். முன்னால் மூக்கு மாதிரி ஓர் இரும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை என் வண்டிக்குப் பின்னால் புதிதாக வைத்த கொக்கியில் மாட்டிச் சங்கிலி போட வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த எல்லாரும் அதைக் கேரவன் என்கிறார்கள். சினிமாக்காரர்கள் உட்கார்ந்து பவுடர் போடும் வண்டி என்று நினைப்பு.

"வெயிட்டு எவ்வளவுங்க வரும்?" என்று பட்டறைக்காரரைக் கேட்டேன். அவர் சொன்னதும் எனக்குத் தொண்டை காய்ந்தது. வெயில் அப்படி.

"இதுக்குப் பிரேக்கு?"

"இதுக்குத் தனியாப் பிரேக்கு இல்லீங்ணா. உங்க வண்டிப் பிரேக்குதான் ரெண்டையும் புடிக்கோணும்."

"என்ற வலது காலு இருக்கற வரைக்கும் ரெண்டென்ன, நாலு வண்டியக்கூடப் புடிக்கும்" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறிக் கட்டில், கக்கூஸ் எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு இறங்கினேன். இறங்கி நின்று பேசிக்கொண்டிருக்கும்போது வெல்டிங் செய்கிறவர் கத்தினார்: "அண்ணா! காலு! காலு!"

குனிந்து பார்த்தேன். அப்போதுதான் அறுத்துப் போட்ட தகடு. ஓரத்தில் இன்னும் சிவப்பு போகவில்லை. அதன்மேல் வலது காலை வைத்து நிற்கிறேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பட்டறை முழுக்க வாய் பிளந்து நின்றது.

இந்தக் காலைப் பற்றி அன்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பங்குனியில் எங்கள் மாரியம்மனுக்குத் தீ மிதித்தேன். மற்றவன் எல்லாம் சூடு தாங்காமல் குதித்து ஓடினான். நான் மாப்பிள்ளை ஊர்வலத்தில் போகிற மாதிரி நின்று, திரும்பி, சனத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனேன். பூசாரியே குலவை போடச் சொன்னார். அப்புறம் உள்ளங்காலில் ஒரு கொப்புளம் வந்து ஆற இரண்டு மாதம் ஆனது. அது அம்மன் வைத்த பொட்டு. பாவாயி மட்டும் ஒவ்வொரு நாளும் அதற்கு மருந்து போட்டுக்கொண்டே, "டாக்டர் சொன்ன சர்க்கரைக்குப் பாக்கோணுங்க, வாங்க" என்று நச்சரித்தாள். சர்க்கரையாவது ஒன்றாவது. எங்கள் பரம்பரைக்கே இரத்தம் இனிப்பு.

ஜூலை 20, சனி

கேரவனை மாட்டிச் சேந்தமங்கலம் ரோட்டில் ஒரு வெள்ளோட்டம். பாவாயி முன்சீட்டில்.

மெதுவாகப் போனால் பெட்டிப்பாம்பாக வருகிறது. கொஞ்சம் வேகம் கூட்டினேன். அன்பர்களே, அப்போதுதான் வாலை ஆட்டியது. கண்ணாடியில் பார்த்தால் வெள்ளைச் சுவர் இடது பக்கம் வருகிறது, மறைகிறது, வலது பக்கம் வருகிறது. யாரோ பின்னால் பிடித்து என் வண்டியை முறத்தில் அரிசி புடைப்பது போலப் புடைக்கிறார்கள். ஸ்டியரிங் என் கையில் இருக்கிறது, ஆனால் என் பேச்சைக் கேட்கவில்லை. பிரேக் போட்டேன். சடக்கென்று நின்று பாவாயியின் நெற்றி கண்ணாடியில் இடித்துக்கொண்டது.

"ஏனுங்க, மெல்ல மிதிக்கக் கூடாதுங்களா?"

"மெல்லத்தான் மிதிச்சேன்."

பயம் எல்லாம் ஒன்றும் இல்லை. வேட்டி நனைந்தது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போது சிந்தியது.

"கைப்பிரேக்கு கேபிளு தொளதொளன்னு கெடக்குது, அதயாச்சும் மாத்துங்க" என்றாள். கைப்பிரேக் எல்லாம் கத்துக்குட்டிகளுக்கு.

திரும்பி வந்து இறங்கி வீட்டுக்குள் நடக்கும்போது, பாவாயி வாசலிலேயே நின்றுவிட்டாள். என் பின்னால் தெருவைப் பார்த்தாள். வலது கால் செருப்பு வண்டிக்கும் வாசலுக்கும் நடுவில் தனியாகக் கிடந்தது. நான் ஒரு காலில் செருப்போடு கூடம் வரை வந்திருக்கிறேன்.

"செருப்புக் கழண்டதுகூடத் தெரியலீங்களா?"

"நாந்தான் வேணும்னு கழட்டி உட்டேன். பழசு."

அது புதுசாக வாங்கினது என்று தெரிந்தும், அவள் எடுத்துக்கொண்டு வந்து மூலையில் வைத்தாள்.

ஜூலை 21, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. கொசு.

ஜூலை 23, செவ்வாய்

பாவாயி தானும் மலைக்கு வருவேன் என்கிறாள். அவளுக்கு மலை ரோடு ஆகாது. மூன்றாவது வளைவிலேயே குடல் வாய்க்கு வந்துவிடும். "நீ எதுக்கு புள்ள?" என்றேன்.

"நீங்க ஒண்டியாப் போகக் கூடாது."

"நான் என்ன சின்னக் கொழந்தையா?"

என் காலைப் பார்த்தாள். இப்போதெல்லாம் என் முகத்தைவிடக் காலைத்தான் அதிகம் பார்க்கிறாள்.

முன்சீட்டில் யுவராஜ் கொடுத்த பாத்திரம், மெத்தை, விளக்கு எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாந்தி எடுத்தால் எனக்கும் கவனம் சிதறும். "பின்னாடி கேரவன்ல மகாராணி மாதிரி படுத்துக்கிட்டு வா" என்றேன். யுவராஜ் போனில், "அய்யோ மாமா, ஓடும்போது அதுக்குள்ள ஆளே இருக்கக் கூடாது" என்று கத்தினான். இந்தக் காலத்துப் பையன்களுக்கு எல்லாவற்றுக்கும் பயம். கட்டில் எதற்குப் போட்டிருக்கிறது?

கேரவன் வாசல் உயரம். அவளுக்குக் கால் எட்டவில்லை. வண்டி பின்னால் நகராமல் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற வேப்பங்கட்டை ஒன்று வீட்டில் கிடக்கிறது. மலை ஏறும் லாரிகளில் கிளீனர் கையில் வைத்திருப்பானே, அந்த மாதிரி. நான் ஓட்டும்போது அதற்கு வேலையே இல்லை என்று வீட்டில் போட்டிருந்தேன். அவள் அதை எடுத்து வைத்துக்கொண்டாள். "ஏறி எறங்க ஆகுமுங்க." ஆகட்டும். கட்டை படிக்கட்டானது.

ஜூலை 25, வியாழன், காலை

எலுமிச்சம்பழம் ஆறு வாங்கி வந்திருந்தேன். என் வண்டிக்கு நாலு சக்கரம், கேரவனுக்கு இரண்டு. சூடம் ஏற்றிப் பழங்களைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கப் போனால் நாலுதான் இருக்கிறது.

"மீதி ரெண்டு எங்க புள்ள?"

பாவாயி முந்தானையை மூக்கில் வைத்திருந்தாள். "நான் எடுத்துக்கிட்டேன். மோந்து பாத்தா வாந்தி வராதுங்க."

"சாமிக்கு வெச்சத மோந்து பாக்கறியா? கேரவன் சக்கரத்துக்கு என்ன வெக்கிறது?"

"நாந்தான் உள்ள இருக்கறனே."

இது என்ன பதில் என்று எனக்கு விளங்கவில்லை. கடைக்குப் போய் வாங்க நேரம் இல்லை, நல்ல நேரம் முடிகிறது. நாலு பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினேன். பின்னால் இரண்டு சக்கரமும் வெறும் ரோட்டில் ஏறி வந்தன. அந்தச் சத்தம் இல்லாதது எனக்கு மட்டும் கேட்டது.

ஜூலை 25, சாயங்காலம்

எழுதுகிறேன். கை நன்றாகத்தான் இருக்கிறது. குளிரில் எழுத்து கொஞ்சம் ஆடுகிறது.

காரவள்ளியில், மலை ஏறும் இடத்தில், டீக்கு நிறுத்தினேன். கேரவனைக் கண்டதும் கூட்டம். டீக்கடைக்காரர் மெதுவாக, "உள்ள ஆருங்ணா?" என்றார்.

"பேரு சொல்லப்படாது."

"நடிகைங்களா?"

"மேல சூட்டிங்கு. தூங்கறாங்க. சத்தம் போடாதீங்க."

டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கட்டையைப் போட்டு, பாவாயி இறங்கி வந்து, "ஏனுங்க, சூடா ஒரு சுக்குக் காப்பி சொல்லுங்க" என்றாள். கூட்டம் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தது. "மேக்கப் இல்லீன்னா எல்லாரும் இப்படித்தான் இருப்பாங்க போல" என்று ஒருவர் சொல்லிக்கொண்டு போனார்.

ஏற ஆரம்பித்தோம். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையை வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம். எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று எதற்கு ஒரு மனுஷனுக்குச் சொல்ல வேண்டும்? திருப்பத்தில் என் வண்டி மலைப்பக்கம் போகிறது, பின்னால் அந்த வெள்ளை வீடு பள்ளத்துப் பக்கம் அகலமாகச் சுற்றி வருகிறது. கண்ணாடியில் அதன் சக்கரம் ரோட்டு ஓரத்து ஜல்லியை நசுக்குவது தெரிகிறது. பழம் வைக்காத சக்கரம்.

பாவாயிக்கும் எனக்கும் போனில் பேச்சு. "மெல்லப் போங்க." "மெல்லத்தான் போறேன்." "கட்டிலப் புடிச்சுக்கிட்டு இருக்கறேன்." "படுத்துக்கோ." "படுத்தா உருளுது." அப்புறம் சிக்னல் போய்விட்டது. ஜன்னலில் துண்டை ஆட்டினால் நிறுத்த வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். நான் ரோட்டைவிட அந்த ஜன்னலைத்தான் அதிகம் பார்த்தேன். முன்னால் மூடுபனி இறங்கியது. இன்ஜின் கஞ்சி கொதிக்கிற மாதிரி முனகியது. பாட்டுப் பாடிக்கொண்டு போனேன் என்று எழுதலாம். ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பப் பாடினேன், அதுவும் சாமி பாட்டு.

நாற்பத்து மூன்றாவது வளைவுக்குக் கீழே வரும்போது மேலிருந்து பஸ் இறங்கியது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது மலைச் சட்டம். ஆனால் என் வால் நீளம். ஓரம் கட்டி நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பிரேக்கில் கால் வைத்து நின்றேன். கண்ணாடியில் துண்டு ஆடியது. பாவாயி கதவைத் திறந்தாள், கட்டையைப் போட்டு இறங்கினாள், கேரவனுக்குப் பின்னால் போய் ஓரமாகக் குனிந்து நின்றாள். அவளுக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பனி. பனிக்குள் மரங்களின் உச்சி மட்டும் கீழே தெரிந்தது.

அப்போது ரோட்டோரத்து மரம் ஒன்று முன்னால் நகர்ந்தது.

மரம் எதற்கு நடக்கிறது என்று நினைத்தேன். அடுத்த மரமும் நகர்ந்தது.

"பிரேக்க மிதிங்க! ஏனுங்க! பிரேக்க மிதிங்க!"

"மிதிச்சுக்கிட்டுத்தான்டி இருக்கறேன்!"

சத்தியமாகச் சொல்கிறேன். முழுப் பலத்தையும் போட்டு மிதித்தேன். தொடை நடுங்குகிற அளவுக்கு மிதித்தேன். வண்டி கேட்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தால் வாளி இல்லாத கயிறு மாதிரி கையோடு வந்தது. கண்ணாடியில் பாவாயி தெரியவில்லை. வெள்ளைச் சுவர் மட்டும் பின்னால் போய்க்கொண்டிருந்தது, அவள் நின்ற இடத்தை நோக்கி. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேனாம். பஸ்ஸில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

டொக்கென்று ஒரு சத்தம். வண்டி முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து, முனகி, நின்றது.

கட்டை. பாவாயி படிக்கட்டைப் பிடுங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தாள். சக்கரம் அதில் பாதி ஏறி நின்றது. கேரவனின் பின் மூலைக்கும் அந்தக் குட்டைச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கிற இடம்தான் மிச்சம். அந்த இடத்திலிருந்துதான் அவள் வெளியே வந்தாள். புடவை எல்லாம் சேறு.

என் கதவைத் திறந்தாள். நான், "பிரேக்கு போயிருச்சு புள்ள, மிதிச்சு மிதிச்சுப் பாக்கறேன்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் குனிந்து, இரண்டு கையாலும் என் வலது பாதத்தைப் பிடித்து, தூக்கி, நகர்த்தி, வைத்தாள். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி. கையை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு நின்றாள்.

கேரவனைக் கண்டதுமே பஸ்ஸில் எல்லாரும் நடிகையைப் பார்க்க ஒரே பக்கம் சாய்ந்திருந்தார்கள். இதையும் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "உசுரக் காப்பாத்துன புருசன் காலத் தொட்டுக் கும்படறா பாருங்க! இந்தக் காலத்துல இப்படி ஒரு பொம்பளையா!" என்றார். நானும், "எழுந்திரு புள்ள, நாலு பேரு பாக்கறாங்க" என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் கண்டக்டர் கல் கொண்டு வந்து எல்லாச் சக்கரத்துக்கும் அண்டை கொடுக்கிற வரைக்கும் என் காலிலிருந்து கையை எடுக்கவில்லை.

அப்புறம் பஸ் டிரைவர் என் வண்டியில் ஏறி, வளைவில் அகலமான இடத்துக்கு ஓட்டி நிறுத்தினார். அவருக்கும் கொஞ்சம் பழகட்டும் என்று கொடுத்தேன். பிரேக் போனதாகக் கீழே யுவராஜுக்குச் சொல்லச் சொல்லி அனுப்பினேன்.

இப்போது கேரவனுக்குள் இருக்கிறோம். சக்கரம் நாலு பக்கமும் கல். இருந்தாலும் தரை நகர்கிற மாதிரியே இருக்கிறது. பாவாயி கொஞ்ச நேரம் முன்னால் என்னைக் கட்டிலில் கால் நீட்டச் சொன்னாள்.

"கண்ண மூடிக்கோங்க. நான் என்ன பண்றேன்னு சொல்லுங்க."

மூடினேன். "கால் புடிச்சு உடறே."

"இப்ப?"

"இப்பவும் புடிச்சுத்தான் உடறே."

"இப்பங்க?"

"நல்லா இருக்குது புள்ள. அப்படியே புடி."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். அவள் ஊக்கைத் தாலிக்கயிற்றில் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்காலைத் துடைத்த துண்டில் புள்ளி புள்ளியாக இரத்தம். மலையில் அட்டைப்பூச்சி அதிகம். கடித்தால் தெரியவே தெரியாது.

ஜூலை 26, வெள்ளி

காலையில் யுவராஜ், மாது என்ற மெக்கானிக்கை பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தான். மாது வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், ஏறி மிதித்துப் பார்த்தார், கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார்.

"பிரேக்கு கல்லு மாதிரி இருக்குதுங்க. ஒரு கொறையும் இல்ல."

"நேத்து இல்ல" என்றேன். "குளுருல ஆயில் ஒறஞ்சிருக்கும். இப்ப எளகிருச்சு."

மாது யுவராஜைப் பார்த்தார். யுவராஜ் என்னைப் பார்த்தான். "மாமா, மீதியை நான் ஓட்டட்டுங்களா?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. "நாப்பத்து மூணு ஏத்துனவனுக்கு இருபத்தேழு ஏத்தத் தெரியாதா? சாவியக் குடு மாப்ள" என்று கையை நீட்டினேன். உடனே அதைப் பையில் விட்டுக்கொண்டேன். கண்ணுக்குள் நேற்றைய மரம் நகர்ந்தது. இவன் சாவியைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். இதை அன்பர்களுக்காக எழுதவில்லை. நெட்டில் போடும்போது யுவராஜ் இந்த வரியை எடுத்துவிடவும்.

அப்போது பாவாயி நடுவில் வந்தாள். கையில் அந்தக் கட்டை.

"உங்க மாமன் வண்டி ஓட்ட முடியாது கண்ணு. நான் வேண்டிக்கிட்டேன்."

"என்னன்னு அத்தை?"

"மலைமேல இருக்கற எட்டுக்கை அம்மனுக்கு. நேத்து இந்த எடத்துல வெச்சு. தீ மிதிச்ச காலு அது, சாதாரணக் காலா? அம்மா, எங்கள இன்னைக்குக் காப்பாத்து, இந்தக் கால உனக்கே நேந்து உட்டர்றேன்னு சொல்லிட்டேன். இனி அது பெடலத் தொடப்படாது. தொட்டா என்ற தாலிக்கு ஆகாது."

அவள் யுவராஜிடம்தான் பேசினாள். ஆனால் கண் என் மேல் இருந்தது. கெஞ்சுகிற கண் இல்லை. நேற்று கட்டையைத் தள்ளியபோது இந்தக் கண்தான் இருந்திருக்கும்.

யுவராஜ் குனிந்து, பாவாயி துணி சுற்றிவிட்ட என் பாதத்தைப் பார்த்தான். முகம் மாறியது. படித்த பையன். "சாமி காரியம்னா நாம என்னங்க மாமா சொல்ல முடியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"அதயும் பாக்கோணுமல்ல" என்றேன் நான். "அம்மனுக்கு நேந்தத நான் எப்படி மீற முடியும்? இல்லீன்னா பாரு, கண்ண மூடிக்கிட்டு ஏத்திருப்பேன்."

"ஏத்திருப்பீங்க" என்றாள் பாவாயி.

முன்சீட்டுச் சாமானை எல்லாம் கேரவனுக்கு மாற்றினோம். கேரவனுக்குள் யாரும் இல்லை. யுவராஜ் ஓட்ட, நடுவில் நான், ஓரத்தில் பாவாயி. மாது கட்டையோடு பைக்கில் பின்னால். மிச்சமிருந்த இரண்டு பழத்தில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். "மோந்து பாருங்க." வாங்கி மோந்தேன். அவள் கைச்சூடு அதில் இருந்தது.

அன்பர்களே, ஓட்டுகிறவனைவிடப் பக்கத்தில் உட்காருகிறவனுக்குத்தான் மலை அதிகம் தெரிகிறது. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. அங்கே பெடல் இல்லை, வெறும் ரப்பர் விரிப்புதான். ஆனாலும் மிதித்தேன், தொடை நடுங்க மிதித்தேன். ஐம்பதாவது வளைவில், பனிக்குள் ஒரு லாரி திடீரென்று விளக்கைப் போட்டபோது மிதித்த மிதியில் கவனித்தேன். வெறும் தரையை மிதிப்பது எப்படி இருக்கிறது என்று.

நேற்று பிரேக்கை மிதித்த மாதிரியே இருந்தது.

அப்புறம் நான் மிதிக்கவில்லை. அறுபதுக்குமேல் யுவராஜே, "என்னங்க மாமா, காஷ்மீர்க் கதை ஒண்ணு சொல்லுங்க" என்றான். பாவாயி என் முழங்காலில் கை வைத்தாள். அது தெரிந்தது. முழங்கால் வரைக்கும் எல்லாம் தெரிகிறது.

"காஷ்மீர்ல வளைவே இல்ல மாப்ள" என்றேன். "ஒரே நேர் ரோடு."

எழுபதைத் தாண்டினோம்.

ஜூலை 27, சனி

கேரவனை இடத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்தாகிவிட்டது. யுவராஜ் அதன் நெற்றியில் சந்தனம் வைத்தான். பாவாயி கடைசிப் பழத்தை எடுத்து, இரண்டாக நறுக்கிக் குங்குமம் தடவி, கேரவனின் இரண்டு சக்கரத்துக்கும் ஆளுக்குப் பாதியாக வைத்தாள். "உங்க கணக்கு சரியாப் போச்சுங்களா?" என்றாள். சரியாகிவிட்டது.

திங்கட்கிழமை நாமக்கல்லில் சர்க்கரை டாக்டர். யுவராஜ்தான் ஓட்டி அழைத்துப் போகிறான். நான் போவது பாவாயியின் மன நிம்மதிக்காக.

மதியம் இடத்துக்குக் கீழே ஓடையைப் பார்க்கப் போனோம். மேலிருந்து விழுந்து வருகிற தண்ணீர், அடியில் கூழாங்கல் எல்லாம் தெரிகிறது. பாவாயி புடவையைத் தூக்கிக்கொண்டு ஒரு காலை வைத்தாள். "அய்யோ சாமி!" என்று கத்திக்கொண்டு வெளியே குதித்தாள். மாது முகம் கழுவக் குனிந்தவர் கையை உதறிக்கொண்டு போய்விட்டார். நான் வலது கால் துணியை அவிழ்க்காமல், இடது காலை வைத்தேன். அப்புறம் பாவாயி பார்க்காதபோது வலது காலின் பெருவிரலை மட்டும் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

இன்றைக்கு எழுத வேறு ஒன்றும் இல்லை. தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருந்ததாம்.